நட்சத்திரம் போட்ட வரி

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். வரி கோணிக்கொண்டு போகும், ஒற்று விட்டுப்போகும், முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லுவேன். பல விஷயம் மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபமாக எழுதியிருப்பதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத பொம்பிளை நான். வாயால் சொல்லாததைக் கையால் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். நெமிலிச்சேரியில் அவள் வீட்டில் இருந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "அம்மா, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எழுதினதையெல்லாம் இப்போ தேடித் தேடி எடுக்கிறாங்களாம். பழைய டேப்பு, பழைய பேப்பரு, எது கெடச்சாலும் சுத்தம் பண்ணி, திரும்ப ஏத்தி, உலகத்துல யார் வேணா படிச்சுக்கோன்னு போட்டு வைக்கிறாங்களாம்."

அவள் நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னாள். எனக்கு அது நல்ல சேதி இல்லை. அப்படிப்பட்ட ஒன்றில், தொடக்கத்திலேயே, என்னைத் திருடி என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில்.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. கம்ப்யூட்டர் செய்து மில்லுகளுக்கு விற்கிற கம்பெனி. இப்போது பிள்ளைகள் மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் பீரோ உயரம். அது இருக்கிற அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் மேனேஜரே உள்ளே போவார். சித்திரை வெயிலில் அந்த அறையைத் துடைக்கப் போட்டால் எனக்குச் சந்தோஷம். ஒரே தரையை மறுபடியும் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

அங்கே ஒரு இன்ஜினியர் இருந்தார். பொழுதன்னைக்கும் அந்த இயந்திரத்தின் முன்னால்தான். ஒருநாள் அவர் காலடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு அவராகவே பேசினார்.

"நான் என்ன எழுதறேன்னு தெரியுமாம்மா உனக்கு?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"பஸ்ஸுல கண்டக்டர் இருக்கார்ல? யார் ஏறணும், யார் எறங்கணும், யார் நிக்கணும், எல்லாம் அவர்தான். அவர் விசில் அடிச்சாத்தான் வண்டியே நகரும். இந்த மிஷினுக்கு உள்ளயும் ஒரு கண்டக்டர் வேணும். அவரைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

அது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதற்குப் பிறகு அந்த எழுத்துக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் கண்டக்டர். இதிலும் அப்படியே எழுதுகிறேன்.

கண்டக்டர் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று டேப்பு. தட்டுப்போல வட்டமாக, பழுப்பு நாடா சுற்றியது. அசல் ஒன்று, நகல் ஒன்று, இரண்டும் மேனேஜரின் அலமாரியில். இன்னொன்று காகிதம். பச்சைக் கோடு போட்டு, இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை குத்தி, மடிப்பு மடிப்பாக நீளமாக வரும் காகிதம். இயந்திரம் அதில் தடதடவென்று அடித்துத் தள்ளும். அடித்தது அறை மூலையில் அடுக்கியிருக்கும்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை வந்தது. இன்ஜினியர் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் இயந்திரம் வைக்கப் போயிருந்தார். மேனேஜர் பக்திமான். நெற்றி நிறைய விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பூஜைக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மூலையில இருக்கிற தாளையெல்லாம் எடுத்துடும்மா. படம் வைக்க எடம் வேணும்."

"அது இன்ஜினியர் சாரோடது சார்."

"டேப்புல எல்லாம் இருக்கும்மா. தாளு எதுக்கு? நீயே கொண்டு போ. வீட்டுல பசங்க நோட்டுக்கு அட்டை போடு."

கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் மறித்தான்.

"இன்னாக்கா, ஆபீஸையே தூக்கிகினு போறியா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேனேஜர் படியில் நின்றுகொண்டு, "விடுப்பா, நான்தான் குடுத்தேன்" என்று கத்தினார். கத்தித்தான் சொன்னார். இதை மறக்கவில்லை.

மறுநாள் பூஜை. இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. அதில் ஒன்றும் தப்பில்லை. லேத்துக்கு வைக்கிறோம், சைக்கிளுக்கு வைக்கிறோம், இரும்பு தாங்கும். மேனேஜர் அதோடு விடவில்லை. "நம்ம கம்பெனிக்கு சரஸ்வதியே இதுதான்" என்று சொல்லி அலமாரியிலிருந்து டேப்பு இரண்டையும் எடுத்து, டப்பாவை விட்டு வெளியே எடுத்து, புத்தகம் வைக்கிற மாதிரி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தார். கிண்ணத்தில் மூன்று விரலைவிட்டு ஈரச் சந்தனத்தை அள்ளி இரண்டின் மேலும் பட்டையாக இழுத்தார். புத்தகத்துக்கு அட்டை இருக்கிறது, அட்டையோடு போகும். டேப்புக்கு அட்டை எங்கே? சுற்றிய நாடாவின் விளிம்பிலேயே இறங்கியது. மேலே குங்குமம். கற்பூரப் புகை. பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது என்று ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவைத்து, காலையில் டப்பாவில் போட்டு மூடினார். நான் வாசல் ஓரம் பொரிப் பொட்டலத்துக்காக நின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்தேன். அது கெடுதல் என்று எனக்குத் தெரியாது. பெரியவர் செய்கிறார், தெரிந்துதான் செய்வார் என்று கைகூப்பிக் கும்பிட்டேன்.

எஸ்டேட்டுக்குப் பின்னால்தான் எங்கள் தெரு. காகிதம் தெரு முழுக்கப் போயிற்று. என் மகள் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டாள். எழுத்து இருக்கிற பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. பெயரெழுதிய சீட்டை அரிசிக் கஞ்சி தடவி ஒட்டினாள். எதிர்வீட்டுக்காரி பஜ்ஜி போட்டு விற்கிறவள். அவள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஓரத்துல ஓட்டையும் போட்டுக் குட்த்துகீறான்?"

"மிஷின்ல இழுக்கிறதுக்காம்க்கா."

"மிஷின் கெடக்குது. மார்கழிக்கு இத்த வெச்சே புள்ளி வெச்சிக்கலாம் போல கீதே. வரிசை கோணாது."

அந்த மார்கழியில் எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் புள்ளி ஒரே அளவு. ஓரத்தைக் கிழித்துத் தரையில் வைத்து ஓட்டை ஓட்டையாக மாவைத் தட்டினோம். மீதியை அலமாரித் தட்டில் விரித்தோம், அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டோம்.

பொங்கல் போன பிறகு கோயம்புத்தூர் மில்லில் இயந்திரம் ஏதோ தகராறு செய்தது. கண்டக்டரைத் திருத்த வேண்டும் என்று இன்ஜினியர் டேப்பை எடுத்து மாட்டினார். அது சுற்றவில்லை. கையால் தள்ளினார். நாடா ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. நகலை மாட்டினார். அது கொஞ்சம் சுற்றி, கிறீச்சென்று நின்றது. அவர் அதைக் கழற்றி, விளிம்பை நகத்தால் சுரண்டினார். சுரண்டியதை மோந்து பார்த்தார். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். மோந்து பார்த்ததை என் கண்ணால் பார்த்தேன். சந்தனம் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மேனேஜர் ஓடிவந்தார். டேப்பைப் பார்த்தவுடன், "தொடைக்கிறவ தண்ணியத் தெளிச்சிருப்பா" என்றார். அலமாரிக்குச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. பூட்டின அலமாரிக்குள் நான் எப்படித் தண்ணீர் தெளிப்பேன் என்று யாரும் கேட்கவில்லை.

"சரி, அடிச்சு வெச்ச தாளு எங்க? அதுல இருக்குமே?" என்றார் இன்ஜினியர்.

அறை மூலை காலியாக இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் இயந்திரத்தைப் பார்த்தார்.

"பழைய நியூஸ்பேப்பரத்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். இவ இதையும் வாரிட்டுப் போயிருக்கா."

"சார்தான்..." என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். கம்பெனிக்குள் நியூஸ்பேப்பர் வாங்கினதே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டில் நீங்கள் கத்தினீர்களே என்று சொல்லியிருக்கலாம். அந்த வாட்ச்மேன் அதற்குள் வேலையைவிட்டு ஊருக்குப் போய்விட்டான். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. எந்தெந்த வீட்டில் காகிதம் இருக்கிறது என்று காட்ட ஆள் வேண்டுமே. கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரம். என் மகளை வாசலிலேயே நிறுத்திப் பையைப் பிடுங்கினார் மேனேஜர்.

"சார், சார், நானே பிரிச்சுத் தரேன் சார். கிழிக்காதீங்க சார்."

கிழித்தார். அவள் பெயர்ச் சீட்டோடு, அவள் கலர் பென்சிலால் பூ வரைந்திருந்ததோடு கிழித்தார். கஞ்சி போட்டு ஒட்டின இடத்தில் நோட்டின் முதல் பக்கமும் சேர்ந்து வந்தது. காகிதம் வேண்டும் என்று கேட்டிருந்தால் தெருவே பிரித்துக் கொடுத்திருக்கும்.

பஜ்ஜிக்காரி சட்டுவத்தோடு வந்துவிட்டாள். "யோவ், குட்த்த கை ஒண்ணு, புடுங்குற கை வேறயா? நீதானேயா குட்த்தனுப்பிச்சே?"

"திருட்டுச் சொத்தை வெச்சுக்கிட்டுப் பேச வேற செய்யறியா?"

"யாருடா திருடி? பஜ்ஜி மடிச்சுக் குட்த்தது கூட வேணுமா? துன்னவன் வவுத்துல போய்த் தேடு, போ!"

தெரு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருட்டு என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் என் மகளை "திருட்டு அட்டை" என்று கூப்பிட்டார்கள். அந்த வருஷம் முழுக்க அதுதான் அவள் பெயர்.

பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். அந்தக் காகிதத்தை மறுபடி ஆளாக்குகிற வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். கம்பெனி மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து, ஈரத் துணி வைத்துக் கஞ்சியை ஊறவைத்து உரிப்பேன். கசங்கினதை இஸ்திரி போடுவேன். எண்ணெய் ஊறினதை ஜன்னலில் ஒட்டுவேன். வெளிச்சத்தில் எழுத்து நன்றாகவே தெரியும். கோலத்துக்குக் கிழித்த ஓரத்தில் எழுத்து இல்லாததால் பிழைத்தோம். எது முன்னால் எது பின்னால் என்று இன்ஜினியர் அடுக்குவார். இல்லாத இடத்தை யோசித்து யோசித்துப் புதிதாக எழுதுவார். அடுக்கினதைப் பார்த்துத் திரும்ப இயந்திரத்துக்குள் தட்டுவதற்கு ஒரு பெண்ணை வைத்தார்கள். கரையான்சாவடியில் அவள் அப்பாவுக்குத் தையல் கடை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் மாறி வருவாள். பத்தாவது பாஸ், டைப்பும் பாஸ்.

அவள் ஒருத்திதான் அங்கே என்னோடு மனுஷியாகப் பேசினவள். ஒரு தாளைத் தூக்கி மோந்து பார்த்து, "யக்கா, இந்தப் பக்கத்துல வாழைக்காயா, வெங்காயமா?" என்பாள். "மொளகா" என்பேன். "அதான் கண்ணு எரியுது, ஒரே நம்பரா கீது" என்று சிரிப்பாள்.

கடைசியில் கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். இயந்திரம் ஓடியது. புது டேப்பில் ஏற்றி, நகல் எடுத்து, லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெண் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"யக்கா, சொல்லலாமா வாணாமான்னு நெனச்சிகினே இருந்தேன். மேல தொடக்கத்துல உன்னப் பத்தி ஒரு வரி போட்டுகீறாங்க. நான்தான் தட்டினேன். கையே வரல."

"இன்னான்னு?"

அவள் இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தமிழில் சொன்னாள். மூலப் பிரதியைத் துப்புரவு வேலைக்காரி திருடிவிட்டாள், அவள் வீட்டிலிருந்து மீட்கப்பட்டது. அவ்வளவுதான்.

லட்டு கையில் இருந்தது. படியிலேயே வைத்துவிட்டேன்.

"வரி முன்னால ஒரு நட்சத்திரம் கீது யக்கா. நட்சத்திரம் போட்டா மிஷின் அந்த வரியப் படிக்காது, தாண்டிப் போய்டும். மனுசங்க படிக்கிறதுக்கு மட்டும். நான் வேணா யாருக்கும் தெரியாம அழிச்சிடட்டா?"

எனக்கு ஆசைதான். ஆனால் கண்டுபிடித்தால் அவள் வேலை போகும். அதுவும் போக, எழுதினவன் அழிக்கட்டும். நான் ஆள் வைத்து அழித்தால் அதுவும் திருட்டு என்பார்கள்.

மறுநாள் இன்ஜினியரிடம் போனேன். என் ஆயுசில் ஒரு ஆபீசர் மேசைக்கு முன்னால் நானாகப் போய் நின்றது அன்றைக்குத்தான்.

"சார், என்னப் பத்தி எழுதின வரிய எடுத்துடுங்க சார்."

அவர் முகம் சிவந்தது. "யார் சொன்னா?"

நான் சொல்லவில்லை.

"அது சும்மா குறிப்பும்மா. மிஷினுக்கு அது தெரியவே தெரியாது."

"மிஷினுக்குத் தெரிஞ்சா எனக்கு இன்னா சார்? மனுசன் படிக்கத்தானே சார் அது?"

"மேனேஜர் சொன்னாரு, எழுதினேன்."

"சந்தனம் வெச்சத எழுதலியே சார். நீங்க மோந்து பாத்தீங்களே."

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பூஜையப் பத்தியெல்லாம் அதுல எழுதினா நல்லா இருக்காதும்மா. மேனேஜர் மூத்தவரு. நாளைக்கு வெளியாளு படிப்பாங்க."

பாருங்கள் நியாயத்தை. வெளியாள் படிப்பார்கள் என்பதால் சந்தனத்தை எழுதவில்லை. வெளியாள் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் என்னை எழுதியிருக்கிறார். பஸ்ஸில் யார் ஏறலாம் யார் இறங்கலாம் என்று எழுதினவர், பழியிலிருந்து மேனேஜரை இறக்கிவிட்டு என்னை ஏற்றிவிட்டார்.

"சரிம்மா, எடுத்துடறேன். போ" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எடுத்தாரா இல்லையா? எனக்குத் தெரியாது. தட்டின பெண்ணுக்கு அந்த மாதமே வேலை முடிந்துவிட்டது, அவளைக் கேட்க முடியவில்லை. துடைக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கண்ணாடித் திரையைப் பார்ப்பேன். பச்சையாக எழுத்து ஓடும். எங்கேயாவது நட்சத்திரம் தெரிகிறதா என்று தேடுவேன். நட்சத்திரம் நிறைய இருந்தது. எது என்னுடையது என்று எப்படித் தெரியும்? எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், சொல் தெரியாது.

மேனேஜர் ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தினார்கள். கண்டக்டரை மீட்டுக் கொடுத்ததே அவர்தான் என்று மேடையில் பேசினார்கள். நான் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ஒருவேளை இன்றைக்காவது சொல்லுவாரோ என்று குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஊழியர்கள் எல்லாருக்கும் நன்றி என்றார். குழாயைத் திறந்துவிட்டேன்.

இன்ஜினியர் அமெரிக்கா போனார். தொண்ணூறுகளில் புது மாதிரிக் கம்ப்யூட்டர் வந்தது, எங்கள் பீரோக்களை யாரும் வாங்கவில்லை, கம்பெனியை மூடினார்கள். லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. டேப்பு எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும். அது ஒழிந்தது, அதோடு அந்த வரியும் ஒழிந்தது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இத்தனை வருஷம் தேற்றிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது மகள் வந்து, தேடி எடுக்கிறார்கள் என்கிறாள்.

எடுக்கட்டும், நல்ல வேலைதான். காகிதத்திலிருந்து உரித்து எடுக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் எடுக்கிறவர்கள் எழுத்து தவறாமல் எடுப்பார்களாம், ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார்களாம், அதுதான் அவர்களுக்குப் பெருமையாம். அப்படியென்றால் அந்த வரியும் புள்ளி மாறாமல் வரும். என் மகளிடம், அழிக்கச் சொல் என்றேன். "இருந்தத அழிக்க மாட்டாங்கம்மா" என்றாள். ஒருகாலத்தில் திருட்டு அட்டை என்று கூப்பிடப்பட்டவள் அவள். பிறகு அவளே சொன்னாள்: "கீழ இன்னொரு வரி சேக்கலாம்மா. நட்சத்திரம் போட்டு."

அந்த வரி இதுதான். டேப்பில் சந்தனம் வைத்தது மேனேஜர். காகிதத்தை எடுத்துப் போகச் சொன்னதும் அவர். திரும்பக் கொடுத்தது எங்கள் தெரு.

இதைப் படிக்கிறவர்களில் அந்த மாதிரி வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். அம்பத்தூரில் செய்த இயந்திரம், தொடக்கத்தில் நட்சத்திரம் போட்ட வரிகள். முதல் வரியா, நாலைந்து வரி தள்ளியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. திருடி என்று இருந்ததா, எடுத்துச் சென்றாள் என்று இருந்ததா என்பதையும் பாருங்கள். அந்தப் பெண் படித்துச் சொன்னதுதான் எனக்குத் தெரியும், நானே படித்ததில்லை. டேப்பு ஒட்டிக்கொண்டது தையிலா, மாசியிலா என்றும் குழப்பம் இருக்கிறது. நான் எதையாவது தப்பாக எழுதியிருந்தால் திருத்துங்கள். அந்த வரி இல்லவே இல்லை, இன்ஜினியர் சொன்னபடி எடுத்துவிட்டார் என்றால் அதையும் சொல்லி அனுப்புங்கள். நான் இருக்கும்போதே சொல்லுங்கள்.